மருவாதி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் அந்தக் கம்பெனியில் கிறிஸ்டினாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய், மூணாம் லைனு" என்றால் அவள்தான். அப்படிப்பட்டவளுக்கு இன்று கேட்டிலேயே பேனர் கட்டியிருந்தார்கள். 'வீரப் பெண்மணி திருமதி கிறிஸ்டினா அவர்களுக்கு மரியாதை செய்கிறோம்.' படித்துவிட்டு அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள்.

போன மாதம் கம்பெனியில் தீப்பிடித்தது. முன்பக்கமெல்லாம் புகை. பின்கதவுக்கு ஓடினால் வெளியே பூட்டு. டப்பா திருடு போகிறதாம். கிறிஸ்டினா கம்பியை எடுத்துக் கீலை நெம்பிக் கதவைச் சாய்த்தாள். உள்ளே நின்று ஒவ்வொருத்தியாக வெளியே தள்ளிவிட்டவள் நர்மதா. கடைசியாக வந்தபோது அவளுடைய இரண்டு கையும் வெந்திருந்தது.

பூட்டை எடுக்கச் சொல்லி முன்பே சண்டை போட்டவளும் நர்மதாதான். சூப்பர்வைசர் ரகு அன்றைக்கு, "மரியாதையா போய் வேலையப் பாரு" என்றான். அவள் போகவில்லை, நின்று பேசினாள். தீ விபத்துக்குப் பிறகு, கைக் கட்டுப் பிரிக்கும் முன்பே, மேலதிகாரிக்கு மரியாதை கொடுக்கத் தெரியாதவள் என்று அவளை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் மேனேஜர் விமல் சிரித்துக்கொண்டே வந்தார்.

"வாங்கம்மா. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்திருக்காரு. சால்வைய வாங்கிக்கிட்டு ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுங்க. போதும்."

"நர்மதாவ ஏன் சார் கூப்பிடல?"

"அத இப்ப எதுக்கு எடுக்கிறீங்க?"

"அவதான சார் எல்லாரையும் வெளிய தள்ளுனா. பூட்டு மேட்டரு மொதல்ல சொன்னதும் அவதான்."

விமலின் சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. பூட்டுன்னு வாயே தொறக்கக் கூடாது. மரியாதையா மேல ஏறி, மரியாதையா கீழ எறங்கு."

கேட்டில் எழுதியதும் அந்த வார்த்தைதான், இப்போது கழுத்தைப் பிடிப்பதும் அந்த வார்த்தைதான். கிறிஸ்டினா பல்லைக் கடித்துக்கொண்டு படி ஏறினாள்.

இன்ஸ்பெக்டர் சால்வையைத் தோளில் போட்டார். கைதட்டல். மைக்கை நீட்டினார்கள்.

"பின்கதவு வெளிய பூட்டி இருந்துச்சு சார். இவங்கதான் பூட்டுனாங்க" என்றாள்.

மைக் செத்துப்போனது. ரகு ஒயரைப் பிடுங்கியிருந்தான். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகிய தொண்டை அவளுக்கு, மைக் தேவைப்படவில்லை.

"நர்மதா சொன்னா, பூட்ட எடுங்கன்னு! அவளுக்கு மருவாதி தெர்லன்னு தொரத்தி உட்டீங்க. அவ கை வெந்து ஊட்டுல கெடக்குறா. எனக்கு இன்னாத்துக்கு இந்தத் துணி?"

சால்வையை உருவி நாற்காலியில் எறிந்தாள். விமல் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

"கைய எடு!" என்றாள். 'சார்' வரவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்து பின்பக்கம் போனார். அங்கே புதுக்கதவு மாட்டியிருந்தார்கள். அதிலும் பூட்டு தொங்கியது. சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டடத்துக்கு சீல் வைத்தார்கள். மறுநாள் கிறிஸ்டினாவை, இனி வேலை இல்லை என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கூட வேலை செய்தவர்களில் இரண்டு பேர், "உன்னால எங்களுக்கும் பேஜாரு" என்று முகத்துக்கு நேரே திட்டினார்கள். அந்தக் கதவு வழியாக உயிரோடு வந்தவர்கள் அவர்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பஸ் பிடித்துப் பக்கத்து ஆரணியில் இருந்த நர்மதா வீட்டுக்குப் போனாள்.

நர்மதா கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எக்கா, எம் பேர சொன்னியாமே? அத்தினி பேரு முன்னாடியா?"

"சொன்னனா? தொண்ட கிழியக் கத்துனேன்."

நர்மதாவின் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. கிறிஸ்டினா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அழுதுகினே இருக்காத. எழுந்து வேற பொடவ கட்டு, நான் கட்டி உடறேன். திருவள்ளூருக்குப் போயி லேபர் ஆபீஸ்ல வேலைய விட்டு எடுத்தத எழுதிக் குடுக்கணும்."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தான். கெளம்பு."