குதிரை ராணியின் பிடரி மச்சம்

பிடரியில் பிடிக்கிற வலி மூன்று மணிக்குத் தோளுக்கு இறங்கும். நாலு மணிக்கு முழங்கையில் வந்து உட்காரும். அதற்குப் பிறகு சங்கு ஊதுகிறவரை அங்கேதான். பதினாறு வருஷமாக ஒரே ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து பொம்மைகளின் கண்ணுக்குள் வெள்ளைப் புள்ளி வைக்கிறவளுக்கு, வலி எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று கடிகாரம் பார்க்காமலே தெரியும்.

அடையாள அட்டையில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பொம்மை ஆலையின் பெயிண்ட் கூடத்தில் எல்லோருக்கும் அவள் புள்ளியக்கா. கண்மணியின் கறுப்பில் ஊசிமுனை அளவு வெள்ளை வைத்தால்தான் பொம்மை நம்மைப் பார்க்கும். வைக்காவிட்டால் செத்த மீன் மாதிரி முழிக்கும்.

பழைய படங்களின் நடிகர்கள், நடிகைகள், பாட்டுக்காரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள் என்று உலகம் பார்த்த முகங்கள் எல்லாம் அங்கே ஓரடி உயரத்தில் தயாராகிப் போயின. குழந்தைகள் விளையாட இல்லை. வளர்ந்த ஆட்கள் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் நிறுத்திவைத்துக்கொள்வார்கள். பாதிப் பேர் பெட்டியைக்கூடப் பிரிக்கமாட்டார்கள்.

"பிரிக்காதவனுக்கு உள்ள என்ன இருந்தா என்னக்கா? ரெண்டு செங்கல்ல வெச்சு அனுப்பினாலும் கும்பிட்டு வாங்கிக்குவான்" என்பாள் பக்கத்து ஸ்டூல்காரி. பொம்மைகளுக்கு உதட்டுச் சாயம் போடுவது அவள் வேலை. அதனால் அவள் பெயர் உதடு. வேலையைப் பார்த்து வைத்த பெயரா, வாயைப் பார்த்து வைத்த பெயரா என்பதில் கூடத்தில் இரண்டு கட்சி இருந்தது.

அன்று சூப்பர்வைசர் ஒரு பொம்மையைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத மனிதர். சட்டைப்பையில் எப்போதும் இரும்பு ஸ்கேல் நீட்டிக்கொண்டிருக்கும். அவர் காதுபடவே அவரை அளவுகோல் என்பார்கள்.

"புள்ளி, இது குதிரை ராணி. அந்தப் பழைய படத்துல நடிகை குதிரையில போவாங்களே, அது. கம்பெனி சீல் போட்ட மாதிரிப் பொம்மை, இதைப் பாத்துத்தான் மத்ததெல்லாம். பத்திரம். கண்ணு அச்சுலயே வந்துடுச்சு. உனக்குப் பின்னாடிதான் வேலை."

"பின்னாடி என்ன சார் கண்ணு?"

"கண்ணு இல்லம்மா, மச்சம். பிடரியில ரெண்டு. மேல பெரிசு, கீழ சின்னது. போஸ்டரைப் பெரிசாக்கிப் பாத்து அப்படியே வெச்சிருக்காங்க. நடுவுல அரை மில்லி இடைவெளி. அரை மில்லின்னா அரை மில்லி."

அவள் பொம்மையைத் திருப்பினாள். நீலக் குதிரைச் சட்டை. தூக்கிக் கட்டிய கொண்டை. மயிர் முடிகிற இடத்துக்குக் கீழே, இடப்பக்கமாக, ஒரு பெரிய புள்ளி. அதன் காலடியில் ஒரு குட்டிப் புள்ளி.

கையிலிருந்த தூரிகை மேசையில் உருண்டது.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி?" என்றாள் உதடு.

"இது எங்கம்மாடி."

"எது, ராணியா? அப்போ நீ இளவரசி. எந்திரிச்சு நின்னு கும்பிடறேன், இரு."

"கேலி பண்ணாதே. இது எங்கம்மா கழுத்து."

அந்தக் கழுத்தை அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். ஏழு வயதுவரை அவள் உலகத்தைப் பார்த்ததே அம்மாவின் முதுகில் உப்புமூட்டை ஏறித்தான். மோவாயைத் தோளில் வைத்தால் கண்ணுக்கு நேரே அந்த இரண்டு மச்சமும் இருக்கும். விரலால் அழுத்தி, "இது யாரு?" என்பாள். "பெரிசு நான். குட்டி நீ" என்பாள் அம்மா. ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்டாலும் பத்து தடவையும் சொல்வாள்.

நடிகை குதிரை ஏறமாட்டார். மாடியிலிருந்து குதிக்கமாட்டார். குளிர்ந்த தண்ணீரில் விழமாட்டார். அதையெல்லாம் அம்மா செய்தாள், அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி. படப்பிடிப்பில் அவளை எல்லோரும் மச்சக்காரி என்றார்கள். அதிர்ஷ்டம் கொட்டுகிற பெண்ணைத்தானே மச்சக்காரி என்பது? நாள் முழுக்கக் குதிரையிலிருந்து விழுந்து எழுந்தவளை அப்படிக் கூப்பிட்டதில் அவர்களுக்கு ஒரு சிரிப்பு இருந்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

காலையில் மேக்கப்காரர் இரண்டு விரலால் தோல்நிற மையை எடுத்து மச்சத்தை மூடிவிடுவார். மதியத்துக்குள் வியர்வை அதை வழித்து எடுத்துவிடும். அப்படி வழிந்த ஒரு மதியத்தில்தான் போட்டோக்காரர் அந்தப் படத்தை எடுத்தார். புழுதி, குதிரை, திரும்பிப் பார்க்காமல் போகிற ஒரு பெண். அதுதான் போஸ்டராகி ஊர் ஊராகச் சுவரில் ஏறியது.

அன்று அவர் இன்னொரு படமும் எடுத்தார். அம்மா குதிரையிலிருந்து இறங்கியதும் இவள் ஓடிப்போய் முதுகில் தொற்றிக்கொண்டாள்.

"ஏம்மா மச்சக்காரி, எப்பப் பாத்தாலும் உன் முதுகையே எடுத்து எனக்கு அலுத்துப்போச்சு. இன்னிக்காவது மூஞ்சியக் காட்டு" என்றார் போட்டோக்காரர். அம்மா சிரித்தாள். கேமரா சொடுக்கியது. "காப்பி ஒண்ணு தரேன். பிரிண்டு போட்டதும் உன் கையிலயே தரேன்."

இரண்டு வருஷம் அம்மா ஸ்டூடியோ வாசலில் அவரை எங்கே பார்த்தாலும் கேட்டாள். "மறந்தே போச்சும்மா, அடுத்த வாரம்" என்பார். பிறகு வேறொரு நடிகைக்காக மாடிப்படியில் உருண்டபோது அம்மாவின் இடுப்பு போயிற்று. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "போட்டோக்காரர் வந்தா வாங்கி வை" என்று அங்கேயும் சொன்னாள். வந்தது அவர் இல்லை. வேறு யாரும்கூட இல்லை. பன்னிரண்டாம் நாள் அம்மாவும் இல்லை.

அம்மாவின் சினிமா யூனியன் அட்டையில் தபால்தலை அளவுக்கு ஒரு முகம் இருந்தது. கூரை ஒழுகிய ஒரு மழையில் அதுவும் ஊறிக் கரைந்துவிட்டது. இப்போது புள்ளியக்காவுக்கு நாற்பத்தொன்பது. அம்மாவின் கைச்சூடு நினைவிருக்கிறது. குரல்கூடக் கொஞ்சம் இருக்கிறது. முகத்தை நினைத்தால் மட்டும் பிடரிதான் வருகிறது.

நாலு நாளில் ஆயிரத்து இருநூறு ராணிகள். பெரிய மச்சத்துக்கு ஒரு தொடல், குட்டிக்கு அரைத் தொடல். மூன்று மணிக்கு வலி தோளுக்கு இறங்கியது, நாலு மணிக்கு முழங்கைக்கு வந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தாள். பெரிசு நான், குட்டி நீ. ஆயிரத்து இருநூறு தடவை.

"அரை மில்லி பிசகலையே! எப்படிம்மா?" என்று ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு அளவுகோல் வாய்பிளந்தார்.

"அளந்து பாத்து வைக்கலை சார்" என்றாள்.

ஐந்தாம் நாள் காலையில் சீல்காரர் வந்தார். பொம்மைகளை வாங்கி விற்கிற கம்பெனியிலிருந்து வந்து மாதிரிப் பொம்மையில் ஒப்புதல் முத்திரை வைக்கிற மனிதர். அவர் தலையாட்டாமல் ஒரு பொம்மையும் வாசல் தாண்டாது. ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த, குரல் உயர்த்தத் தெரியாத ஆள்.

"மச்சத்தை எடுத்துடணும்" என்றார் அளவுகோலிடம். "நடிகையோட மகன் ஒத்துக்கலை. எங்கம்மாவுக்கு மச்சமே கிடையாது, அது போட்டோவுல விழுந்த அழுக்குன்னு எழுதியிருக்கார்."

புள்ளியக்கா எழுந்து நின்றாள். பதினாறு வருஷத்தில் வேலை நேரத்தில் அவள் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

"அழுக்கு இல்ல சார். அது எங்கம்மா."

கூடத்தில் தூரிகைகள் நின்றன. உதடுகூட வாயை மூடிக்கொண்டாள்.

"குதிரையில போறது எங்கம்மா. நடிகை குடைக்குக் கீழ உக்காந்து ஜூஸ் குடிச்சிட்டு இருந்தாங்க. எனக்கும் ஒரு வாய் குடுத்தாங்க, நல்ல மனுஷிதான். அவங்களுக்கு மச்சம் கிடையாது, அவங்க பையன் சொல்றது நிஜம். ஆனா அழுக்குன்னு சொல்லாதீங்க."

"என்னம்மா உளர்றே, உக்காரு" என்றார் அளவுகோல்.

சீல்காரர் கையமர்த்தினார். மாதிரிப் பொம்மையை எடுத்துத் திருப்பிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"பதினஞ்சு வயசுல என் கட்டிலுக்கு நேரா இந்தப் போஸ்டர் ஒட்டியிருந்துச்சு" என்றார் மெதுவாக. "தூங்கப் போகும்போது பாத்துட்டே கிடப்பேன். என்னிக்காவது ஒருநாள் திரும்பிப் பாக்கமாட்டாங்களான்னு இருக்கும்."

"நானும் அதுக்குத்தான் சார் காத்துட்டு இருக்கேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்கம்மா போட்டோ ஒண்ணு இருந்தா காட்டுங்க."

"அதுதானே சார் இல்ல."

போட்டோக்காரர் கதையைச் சொன்னாள். சீல்காரர் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: "உப்புமூட்டை. அம்மாவும் பொண்ணும். முகம் தெரியும்."

"இதை வெளிய சொல்ல முடியாதும்மா" என்றார். "பெட்டி மேல நடிகை பேரு போட்டிருக்கு. குதிரையில வேற ஆளுன்னு சொன்னா பொம்மையே இல்ல. உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. ஆனா படத்தோட உரிமையை வாங்கினப்போ வந்த நெகட்டிவ் பெட்டிங்க எல்லாம் எங்க கம்பெனிக் கிடங்குலதான் கிடக்கு. தேடி ஒரு காப்பி அனுப்பறேன். நிச்சயமா."

"அந்த மாதிரிப் பொம்மையையாவது எனக்குக் குடுப்பீங்களா?"

"மாதிரியை உடைச்சாகணும். விதி."

பெயிண்டைக் கரைக்கிற தின்னர் தொட்ட பஞ்சால் அளவுகோல் முதல் பொம்மையில் மச்சத்தைத் துடைத்தார். மச்சத்தோடு தோலும் வந்தது. பிடரியில் புண் ஆறிய இடம்போல ஒரு பளபளப்பு நின்றது. "சரி வராது. மேலயே தோல் கலரைப் பூசிடு" என்றார்.

உதடு தன் தூரிகையைக் கழுவினாள். "நீ போய் வெளிய காத்து வாங்கிட்டு வாக்கா. நான் பூசறேன்."

"வேணாம்டி. நானே பூசறேன்."

மேக்கப்காரர் செய்ததையே அவள் செய்தாள். தோல்நிறத்தைத் தொட்டுப் பெரியதை மூடினாள், பிறகு குட்டியை. எல்லா ராணிகளின் பிடரியிலும் மச்சம் அடியில் இருந்தது, வெளியே தெரியவில்லை. அம்மாவுக்கு மதியத்துக்குள் வழிந்துவிடும். இவர்களுக்கு வியர்க்காது.

ஐம்பதாவது பொம்மை கையில் இருந்தபோது தலை நிமிர்ந்தாள். வாசலருகே சீல்காரர் உடைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். மாதிரிப் பொம்மையைத் தொட்டிக்குள் போடவில்லை. கைக்குட்டையில் சுற்றிக் கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார். அவள் குனிந்து ஐம்பதாவது ராணியின் மச்சத்தை மூடினாள்.

ராணிகள் கப்பலேறிப் போய் ஏழு மாதமாகிறது. சீல்காரர் மூன்று தடவை வந்து வேறு பொம்மைகளுக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார். முதல் தடவை, "கிடங்குல ஆள் மாறிட்டாங்கம்மா" என்றார். இரண்டாம் தடவை, "நெகட்டிவ் பெட்டிங்க நிறைய இருக்கு, அடுத்த வாரம்" என்றார். மூன்றாம் தடவை அவள் ஸ்டூல் இருக்கிற பக்கம் வரவில்லை. அவள் எழுந்து வாசல்வரை போய் நின்றாள்.

"சார், முதுகை நீங்க எடுத்துட்டீங்க" என்றாள். "எனக்கு முகம் தரணும். ஒரு போட்டோ பாக்கி."