ஐம்பத்திரண்டு நிமிடம்

கல்லூரிக் கண்காட்சியில் விண்கல மாதிரியின் குடை ஆன்டெனாவுக்கு நான் ஈயத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் பால்துரை அதைச் சொன்னார். அவர் எங்கள் இயற்பியல் துறையின் அட்டெண்டர். மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார்.

"சார், அன்னைக்கு ஒங்க தந்தி ஒன்றரைக்கு வரல. பத்தே முக்காலுக்கே வந்திட்டு. ஜீவமணி சார்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனாவ. பிரிச்சுப் படிச்சாவ. மந்திரி போன பொறவுதான் ஒங்ககிட்ட தந்தாவ."

"அஞ்சு மாசமா ஏன் சொல்லல?"

"ரிட்டையர் ஆவட்டும்னு இருந்தேன். தின்ன சோறு செமிக்கல சார்."

அன்றைக்கு என்பது மார்ச் மாதம், மந்திரி கண்காட்சி பார்க்க வந்த நாள். முதல் வாயேஜர் வியாழனைக் கடந்த வாரம். இதே கூடம், இதே தெர்மாகோல் விண்கலம், இதே நான். தந்தியில் இருந்தது: 'வடிவு சீரியஸ். ஸ்டார்ட் இமீடியட்லி.' என் மனைவி தலைப்பிரசவத்துக்கு ஏரலுக்குப் போயிருந்தாள். தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அவள் இறந்தது ஒன்றேகாலுக்கு. பிள்ளையும் தங்கவில்லை. நான் போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று சொல்லவில்லை. கண் திறந்திருக்கும்போது போய் நின்றிருப்பேன். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தாளாம்.

துறைத்தலைவர் ஜீவமணி பதினாறாம் நாள் ஏரலுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கையை நான் உதறவில்லை. இப்போது என் கை எரிந்தது.

பத்து மணிக்குக் கூட்டம் வந்தது. இரண்டாம் வாயேஜரும் வியாழனைக் கடந்துவிட்டது. பதினொன்றுக்குக் கலெக்டர் வருகிறார். நான் கம்பை எடுத்துக்கொண்டு சொன்னேன். அலைவரிசை மிகக் குறைந்தால் அண்டத்தின் இரைச்சல் செய்தியை மூழ்கடிக்கும். மிகக் கூடினால் நம் காற்றின் ஈரமும் மழையும் அதை விழுங்கிவிடும். ஆகவே நடுவில் இரண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். மாதிரியில் எரியும் நீல விளக்கு எக்ஸ் அலைவரிசை. சிவப்பு விளக்கு எஸ். படங்கள் எக்ஸில் வேகமாக வரும்.

"பொறவு எஸ் எதுக்கு சார்?" என்றார் முன்வரிசையில் நின்றவர். ரோச். துறைமுக வயர்லெஸ் அறையில் வேலை பார்ப்பவர்.

"எக்ஸுக்குக் குடை பூமியைக் குறி தவறாமல் பார்க்க வேண்டும். கலம் தடுமாறித் திரும்பிவிட்டால் அது கேட்காது. எஸ் மெதுவானது. ஆனால் அந்த நேரத்திலும் கேட்கும்."

"எங்க கடல்லயும் அப்படித்தான் சார். ஆபத்துன்னு கூப்பிடுதவனுக்குன்னே ஒரு அலைவரிசை. மணிக்கு ரெண்டு தடவ, மும்மூணு நிமிஷம், அதுல எல்லாவனும் வாயப் பொத்திக்கிட்டுக் கேக்கணும். கப்பல்ல கவர்னரே வந்தாலும் சரி."

ஜீவமணி என் தோளருகே வந்தார். "எஸ்ஸை விடு நயினார். கலெக்டருக்குப் படத்தை மட்டும் சொல்லு, போதும்."

"தந்தி எத்தனை மணிக்கு வந்தது சார்?"

அவர் முகம் மாறவில்லை. அதுதான் என்னைக் கொளுத்தியது. பால்துரையை ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பிரசவம்னா எல்லார் வீட்லயும் பயந்துபோய் அப்படித்தான் அடிப்பாங்க. மந்திரி படியேறிட்டிருந்தார். உன்னை விட்டா யார் இருந்தா சொல்ல? நான் என்ன, இப்படி நடக்கும்னு தெரிஞ்சா வச்சிருந்தேன்?"

"படிச்சுட்டுத்தானே வச்சீங்க?"

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். கம்பை அவர் கையில் திணித்தேன். இறங்கிப் போய் ரோச்சின் பக்கத்தில் நின்றேன்.

கலெக்டர் இளைஞர். விண்கலத்தைச் சுற்றி வந்தார். உண்மையிலேயே ஆர்வமாகக் கேட்டார்.

"அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு செய்தி வந்து சேர எவ்வளவு நேரமாகும்?"

"ஐம்பத்திரண்டு நிமிஷம் சார்," என்றார் ஜீவமணி. குரலில் பெருமை வந்துவிட்டது.

"ஏரல்லருந்து?" என்றேன்.

கலெக்டர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. பிறகு பதிலுக்காக எல்லோரும் ஜீவமணியைப் பார்த்தார்கள். அவர் கம்பை வியாழன் படத்தின் சிவப்புப் புள்ளி மேல் வைத்து, "இது ஒரு புயல் சார்," என்றார்.