மல்லிகைக் கொடிச் சட்டம்

விஜயலெட்சுமி வீட்டு வேலைக்கு ஜோர்தான் போன பிறகு, அவள் கணவன் சதீஸ்குமாருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. பதுளைக்கும் தெமோதரைக்கும் இடையே பஸ் ஓட்டுகிறவன் அவன். பஜாரில் உளியும் சீவுளியும் வாங்கி வந்து, பலாப்பலகையில் மரவேலை பழகத் தொடங்கினான். முதலில் செய்த அகப்பைகள் எல்லாம் கோணலாக வந்தன. பிறகு மெல்ல மெல்லக் கை படிந்தது.

நின்று முகம் பார்க்க ஒரு கண்ணாடி வேண்டும் என்று அவள் எப்போதும் சொல்வாள். அவன் ஒரு கண்ணாடிக்குச் சட்டம் செய்து, சுற்றிலும் மல்லிகைக் கொடி செதுக்கி, அவள் உயரத்திற்குச் சுவரில் மாட்டினான். அன்று மாலை வீடியோ அழைப்பில் காட்டினான்.

"நீங்களா செஞ்சீங்க? பூவத் தொட்டுப் பாக்கணும் போல இருக்குங்க."

"எப்ப வருவ விஜி?"

"இன்னும் ஒரு வருசம் இருக்கே," என்றாள். பிறகு, "போனக் கண்ணாடிக்கு நேரா பிடிங்க," என்றாள்.

பிடித்தான். கண்ணாடியில் அவன் தெரிந்தான். அவன் கையிலிருந்த போனுக்குள் அவள் முகம் சிறிதாகத் தெரிந்தது. பின்னால் அவர்களுடைய அடுப்பும், கயிற்றில் காயும் சட்டைகளும் தெரிந்தன.

"நம்ம வீட்டுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருங்க."

கை கடுத்தும் அவன் இறக்கவில்லை. அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "போறேங்க," என்றாள். திரை அணைந்தது. கண்ணாடியில் அவன் மட்டும் நின்றான்.