வெளியே தெரியாத பேஸ்மேக்கர்

மருத்துவரின் மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த இதயம் ஒன்று இருந்தது. அதைச் சற்றே நகர்த்திவிட்டு, அம்மா தன் பையிலிருந்து மகளின் கல்யாண உடையை எடுத்து விரித்தாள். தையல் கடையிலிருந்து அன்று காலைதான் வாங்கி வந்திருந்தாள். கழுத்தை நன்றாக இறக்கித் தைத்திருந்தார்கள். இதயத்தைச் சீராகத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைத்தால் தோளுக்குக் கீழே எந்த இடத்தில் புடைப்பாக இருக்கும், இந்தக் கழுத்தில் அது தெரியுமா என்று மருத்துவர் தொட்டுக் காட்ட வேண்டுமாம்.

உடைக்குச் சொந்தக்காரி பக்கத்திலேயே சக்கர நாற்காலியில், மார்பில் ஒட்டிய ஒயர்களோடு உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சி வண்டியில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு என்பதால், படிக்க வருகிறவர்கள் 'பிரேக் அக்கா' என்றே கூப்பிடுவார்கள். முந்தாநாள் அந்த பிரேக் அக்கா ஓடும் வண்டியிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாள். ஓட்டிப் பழக வந்த பெண்மணி பதறிப்போய் வண்டியை ஒரு மதில் சுவரில் உரசி நிறுத்தியதால் இரண்டு பேரும் தப்பினார்கள். பரிசோதித்ததில், இதயத்தின் மேலறை கொடுக்கும் துடிப்பு பல நேரம் கீழறைக்குப் போய்ச் சேருவதில்லை என்று தெரிந்தது. பேஸ்மேக்கர் வைத்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் மருத்துவர்.

கேட்டதும் பெற்றோர் ஆடிப்போனார்கள். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? மகள் பிழைக்க வேண்டுமே என்பது இரண்டாவது கவலைதான். சம்பந்தம் பேசி முடித்தாயிற்றே, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் முதல் கவலை. பெண்ணின் உடல்நிலை எப்படி என்று அவர்கள் கேட்டபோது, இரும்பு மாதிரி இருப்பாள் என்று அப்பாதான் மார்தட்டிச் சொல்லியிருந்தார். அவளுக்கு அடிக்கடி தலைசுற்றுவது அப்போதே அவருக்குத் தெரியும்.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒரே நாளில் நாலு பேரை விசாரித்து, ஒயரே இல்லாத பேஸ்மேக்கர் ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். வழக்கமான பேஸ்மேக்கரை மார்புத் தோலுக்கடியில் வைத்து இதயத்துக்கு ஒயர் செலுத்துவார்கள்; இது பெரிய மாத்திரை அளவுதான் இருக்கும். தொடை ரத்தக்குழாய் வழியாக உள்ளே அனுப்பி, இதயத்துக்குள்ளேயே பொருத்திவிடுவார்கள். மார்பில் வெட்டும் இல்லை, தழும்பும் இல்லை. அதையே வைத்துவிடுங்கள் என்றார்.

மருத்துவர் பொறுமையாகவே விளக்கினார். அது அருமையான கருவிதான். ஒயரில் கிருமி தொற்றி அவதிப்பட்டவர்கள், ஒயர் செலுத்த வழியில்லாதவர்கள், இப்படிப் பலருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் இந்த மருத்துவமனையில் கிடைக்கும் வகை கீழறையை மட்டுமே துடிக்க வைக்கும். இவளுக்கு மேலறையும் கீழறையும் சேர்ந்து நடை போட வேண்டும். வயதும் சின்ன வயது, ஆயுளில் எத்தனையோ முறை பேட்டரி தீர்ந்து மாற்ற வேண்டியிருக்கும்; இதயத்துக்குள்ளேயே இருப்பதை ஒவ்வொரு முறையும் எடுத்து மாற்றுவது கடினம். அதனால் இவளுக்கு ஒயர் உள்ளதுதான் பொருத்தம் என்றார்.

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு, "அதெல்லாம் சரிங்க டாக்டர். வெளியில தெரியக் கூடாது, எங்களுக்கு அவ்வளவுதான் வேணும்" என்றார்.

இதை என்னவென்று சொல்வது! கண் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஃபிரேம் எடுப்பாக இருந்தால் போதும் என்று ஒருவர் இவர் கடைக்கு வந்து கேட்டால், ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். பெற்ற மகளின் இதயம் என்று வந்தபோது அந்தப் புத்தி எங்கே போயிற்று?

மருத்துவர் சக்கர நாற்காலியின் பக்கம் திரும்பி, நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டார். அவளுக்கு என்ன தெரியும், நாங்கள் சொன்னால் சரிதான் என்று அம்மா முந்திக்கொண்டாள்.

"அம்மா, கொஞ்சம் இரு" என்றாள் மகள். குரல் உயரவில்லை. "எனக்கு எது நல்லதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, அதையே வைக்கட்டும். தழும்பு தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. அப்பா, நாளைக்கு அந்த வீட்டுல நான் மயங்கி விழுந்தா, மூஞ்சில தண்ணி தெளிக்கணுமா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணுமான்னுகூட அவங்களுக்குத் தெரியாதே. நீங்க மறைக்கிறது என் நோயை இல்லப்பா. நான் பிழைக்கிற வழியை மறைக்கிறீங்க."

அப்பா எழுந்தார். மேசையில் கிடந்த உடையை எடுத்து மடித்தார். சரியாக மடிக்க வரவில்லை, அப்படியே பையில் திணித்தார். வராந்தாவுக்குப் போய் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் செய்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். முன்பு சொன்னது பொய் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அவள் வீடு திரும்பிய அன்றே மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் வந்தது. பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம். நேற்றுவரை தேதிக்கு அவசரப்பட்டவன்! அம்மா அடுப்படியில் நின்று அழுதாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாள் நலம் விசாரிக்க வந்தாள். தோளுக்குக் கீழே இருந்த கட்டைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டாள். அம்மா அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று ஆரம்பித்தாள். அப்பா குறுக்கிட்டார்.

"கதவு இடிக்கலைங்க. இவ இதயத்துக்கு பேஸ்மேக்கர் வச்சிருக்கோம். இனி நல்லா இருப்பா, பழையபடி வேலைக்கும் போவா. கல்யாணம் நின்னுபோச்சு, அதையும் நீங்க நாலு பேர்கிட்ட சொல்லலாம்."

பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "நோய் வந்தது அவ தப்பு இல்ல. அதை மறைச்சுக் கட்டிக்கொடுக்கப் பார்த்தோமே, அதுதான் தப்பு. நம்ம கௌரவம் நிலைக்கணும்னு அவ உயிரைப் பணயம் வச்சோம். வெக்கப்பட வேண்டியது நாமதான்."