கையெழுத்து வாங்கியவள்

போடியில் அந்த சூப்பர் மார்க்கெட் திறந்த நாளிலிருந்தே சந்திரவல்லி அங்கே வேலை பார்த்தாள். பில் போடச் சேர்ந்தவள், கடைசியில் ஊழியர் எல்லாருக்கும் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த சென்னைக் கம்பெனி அது. ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து குரங்கணிக்கு மேலே பாதை அடைபட்டபோது, எஸ்டேட் ஆட்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் அரிசி பருப்பு லோடை ஜீப்பில் ஏற்றிப்போய், ஜீப்பு நின்ற இடத்திலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள்தான். அதைப் படம் பிடித்துக் கம்பெனி விளம்பரம் போட்டது. அவள் புருசன் வினோத்குமார், "நீ என்ன அவங்க கூடப்பொறந்தவளா?" என்று கேலி செய்வான். அவளுக்கு அது எப்போதும் 'நம்ம கம்பெனி'தான்.

ஆடி மாதம் ஏரியா மேனேஜர் ஜெகதீஷ் வந்தான். ஆபீஸ் ரூம் கதவைச் சாத்திவிட்டு, பழைய ஆட்களில் பாதிப் பேரைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்றான். தாங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் நல்ல சர்ட்டிபிகேட் கிடைக்கும், தீபாவளி நெருங்கும்போது திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம், மறுத்தால் துரத்திவிடுவார்கள் என்றான். சந்திரவல்லி சொன்னால் எல்லாரும் கேட்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

திரும்பக் கூப்பிடுவது நிச்சயம்தானா என்று அவள் இரண்டு மூன்று தடவை கேட்டாள். தன் பொறுப்பு என்று சத்தியம் செய்தான். அவள் நம்பினாள். ஒவ்வொருவராகத் தனியே அழைத்துப் பேசினாள். காய்கறிப் பகுதியில் நின்ற சுருளியம்மாள் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் புருசன் படுத்த படுக்கையாகக் கிடந்தான்.

"இது அவங்க சொல்றதா சந்திரா, நீ சொல்றதா?"

"நான் சொல்றேன்க்கா."

சுருளியம்மாள் கையெழுத்துப் போட்டாள்.

எல்லாரும் போன பிறகு சந்திரவல்லியின் முறை வந்தது. சென்னையிலிருந்து முன்பின் பார்த்திராத ஒரு பெண் செல்போன் திரையில் தோன்றி, அவள் வேலை இன்றோடு முடிகிறது என்று வாசித்தாள். பழைய ஆட்களைத் திரும்ப எடுக்கும் திட்டம் ஏதும் இல்லை என்றும் சொன்னாள். பக்கத்தில் இருந்த ஜெகதீஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அவள் வாசலுக்கு வந்தபோது, பையைச் சோதித்து அனுப்பும்படி செக்யூரிட்டி கன்னையனிடம் உரக்கச் சொன்னது அவன்தான். சாமான் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் சேர்த்துவிட்ட ஆள் கன்னையன். பைக்குள் கையை விட்டவன் எதையும் தொடாமலே வெளியே எடுத்தான்.

வீட்டில் அவள் அழவில்லை. கோர்ட்டுக்குப் போகவும் வழியில்லை. எல்லாரும் தாங்களாக எழுதிக் கொடுத்ததற்கு அவளே சாட்சி போட்டிருந்தாள். இவர்களுக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று யோசித்து யோசித்து, கடைசியில் கடை இருந்த வாடகைக் கட்டடத்தைப் பிடித்தாள்.

கட்டடம் மைதீன் பீவியுடையது. வாடகை ஒப்பந்தம் தீபாவளிக்கு முன்னால் முடிகிறது. போன தடவை இவர்களுக்குத் தரமாட்டேன் என்றிருந்த அந்த அம்மாளைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்ததே சந்திரவல்லிதான். கம்பெனி அந்த வேலையை ஜெகதீஷிடம் விட்டிருந்தது, ஜெகதீஷ் இவளிடம் விட்டிருந்தான்.

மைதீன் பீவி முழுதும் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "ஒன் கோவத்துக்காகக் கட்டடத்தைப் பூட்டிப்போட முடியுமா? நல்ல ஆளாக் கொண்டா, பாக்கலாம்," என்றார்.

சந்திரவல்லி ஏலக்காய் வியாபாரி கமருதீனிடம் போனாள். காய் தரம் பிரிக்க இடம் போதாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய கட்டடத்தை எடுத்தால் நிரப்பக் காய் வேண்டுமே என்று தயங்கினார். காயைத் தான் கொண்டுவருவதாக அவள் சொன்னாள். பிறகு தினமும் ஜீப்பு ஏறினாள். மலைச்சரிவில் இருந்த சின்னச் சின்னத் தோட்டக்காரர்களுக்கு அந்த மழைக்காலம் மறந்திருக்கவில்லை. அரிசி சுமந்து வந்த முகத்தைத்தான் அவர்கள் நினைவு வைத்திருந்தார்கள், கம்பெனியின் பெயரை அல்ல. கமருதீனுக்கே காய் போடுவதாகப் பலர் ஒத்துக்கொண்டார்கள். அதன் பிறகு கமருதீன் கட்டடத்தை எடுக்கச் சம்மதித்தார், மைதீன் பீவியும் அவருக்கே தருவதாகச் சொன்னார். பஜாரில் ஜெகதீஷ் எதிர்ப்பட்டால் அவள் சிரித்து வணக்கம் வைத்தாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று அவன் நினைத்திருப்பான்.

தீபாவளிச் சரக்கெல்லாம் வந்து இறங்கிய வாரம், காலி செய்யச் சொல்லி மைதீன் பீவியின் வக்கீல் நோட்டீஸ் போனது. ஜெகதீஷ் அலைந்தான். அந்த அளவுக்குப் பெரிய கட்டடம் ஊரில் வேறில்லை. கடைசியில் அவளைத் தேடிக் குரங்கணிக்கு மேலே, காய் உலர்த்துகிற இடத்துக்கே வந்துவிட்டான். சட்டையெல்லாம் செம்மண் புழுதி.

மைதீன் பீவியிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி கெஞ்சினான். வேலை போய்விடும், மகளை இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறேன் என்றான். அவள் சூட்டு அறையிலிருந்து வந்த காயைக் கையால் அளைந்தபடி, அவனை வெயிலிலேயே நிற்க வைத்து முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"சார், வெரசாப் போயி நீங்களே எழுதிக் குடுத்துருங்க. நல்ல சர்ட்டிபிகேட்டாவது கெடைக்கும்."

அவன் முகம் செத்துப்போனதைக் கண் எடுக்காமல் பார்த்தாள். ஜீப்பு வளைவில் மறையும்வரை பார்த்தாள். உடம்பெல்லாம் இனித்தது.

கம்பெனி போடியை விட்டே போனது. ஜெகதீஷையும் நீக்கினார்கள். மிச்சமிருந்த பழைய ஆட்களுக்கும், போனவர்களுக்குப் பதிலாக எடுத்திருந்த ஒப்பந்த ஆட்களுக்கும் அன்றோடு வேலை போயிற்று. அதையும் அவள் முன்னமே யோசித்திருந்தாள். யோசித்துத்தான் செய்தாள்.

போர்டைக் கழற்றி இறக்கியபோது எதிர்க் கடையில் நின்று முழுசாகப் பார்த்தாள். கமருதீன் காய் பிரிக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பை அவளிடமே கொடுத்திருந்தார். வேலை இழந்த பெண்களை வீடு வீடாகப் போய் அழைத்தாள். எல்லாரும் வந்தார்கள், சுருளியம்மாளைத் தவிர.

அவள் தேவாரம் பக்கம் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இடையில் புருசனும் இறந்துபோயிருந்தான். சந்திரவல்லி சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் போய் நின்று, ஜெகதீஷ் மலையேறி வந்து கெஞ்சியது, போர்டு இறங்கியது எல்லாவற்றையும் ஆசை ஆசையாகச் சொன்னாள்.

சுருளியம்மாள் காலில் அப்பியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அவன் கணக்க நீ தீத்துட்ட. நான் ஒன்னயல்ல நம்பிக் கையெழுத்துப் போட்டேன்?"

செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.