பாத்திரத்தை அரைவட்டம் திருப்பி வைக்கவும்

கரண்டி அக்கா மேல் கடுகுக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது ஓர் உருளைக்கிழங்குக் குழம்பினால்தான்.

கடுகு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. போனில் இருக்கும் சமையல் குழுவுக்காக அவளே வைத்துக்கொண்டது. முகம் பார்க்காத பத்துப் பன்னிரண்டு பேர் கூடிய அந்தக் குழுவில் சொந்தப் பெயர் சொல்வது வழக்கமில்லை. கரண்டி, மூடி, நர்ஸம்மா, லாரிக்காரர் என்று ஆளுக்கொரு பட்டப்பெயர். வாரத்துக்கு ஒருவர் தங்கள் வீட்டுச் சமையல் ஒன்றை எழுதிப் போட வேண்டும். மற்றவர்கள் அதைச் செய்து படம் பிடித்துப் போட வேண்டும். பிறகு அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் ஓட்டித் தள்ளலாம். ருசி என்னவென்று அங்கே யாருக்கும் தெரிய வழியில்லை என்பதால் எல்லோருமே நல்ல சமையல்காரர்கள்தான்.

கடுகுக்கு வேலை, பல் செட் செய்யும் கூடத்தில். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு யார் யாருடைய வாய்க்கோ பல் அராவிக்கொண்டிருப்பாள். நாள் முழுக்கப் பல்லோடு மாரடித்தாலும் பேச ஆள் கிடையாது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தால் மூடுவதற்கு மனசே வராது. அதிலும் கரண்டி அக்கா என்றால் அவளுக்குத் தனிப் பிரியம். அதிகம் பேச மாட்டாள். கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் வரும். ஆனால் யார் புலம்பினாலும் கடைசிவரை கேட்பாள். கொஞ்ச நாளில் இருவரும் குழுவை விட்டுத் தனியாகவும் பேச ஆரம்பித்தார்கள். பேசினார்கள் என்பதைவிட, கடுகு கொட்டினாள், கரண்டி அள்ளிக்கொண்டாள் என்பதுதான் சரி.

கொட்டியதில் முக்கால்வாசி மாமனாரைப் பற்றி. மாமனார் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தபோது மாடி எண்ணைத் தவிர வேறெதுவும் பேசியிருக்க மாட்டார் போலிருக்கிறது. வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. மாமியார் இறந்த பிறகு அந்த ஒன்றிரண்டு வார்த்தையும் நின்றுபோயிற்று. செருப்பை நடைவழியில் விடுவார். செய்தித்தாளை நாற்காலி மேல் விரித்துப் போட்டுவிட்டுப் போவார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சமீப காலமாக ராத்திரி தட்டில் பாதிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்கிறார். வேலைக்குப் போய்விட்டு வந்து இடுப்பொடியச் சமைத்தவளுக்கு அது எப்படி இருக்கும்? "எங்க வீட்டுல ஒரு சிலை இருக்கு அக்கா. அதுக்கு வாய் மட்டும் இல்ல. என் சமையலைக் கண்டா பசியும் இல்ல" என்று கடுகு ஒருமுறை எழுதியிருந்தாள். கரண்டி அக்கா வெகுநேரம் கழித்து, "வயசானவங்க அப்படித்தான்" என்று பதில் போட்டாள்.

அந்த வாரம்தான் குழம்பு வந்தது. கரண்டியின் முறை. உருளைக்கிழங்கு, பட்டாணி, வெங்காயம், தக்காளி என்று எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வரி: "பாதி வெந்ததும் பாத்திரத்தை அரைவட்டம் திருப்பி வைக்கவும்."

குழுவில் சிரிப்பு அள்ளியது. எதற்குத் திருப்ப வேண்டும், பாத்திரத்துக்குத் திசை பார்க்கணுமா என்று லாரிக்காரர் கேட்டார். எல்லோரும் செய்வதுதானே என்று கரண்டி அப்பாவியாகக் கேட்டாள். கடுகுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த பல்லைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால் அவளும் பாத்திரத்தைத் திருப்புகிறவள். அவள் வீட்டு அடுப்பில் ஒரு பக்கத்து ஓட்டைகள் அடைத்துக்கொண்டு வருஷக் கணக்காகிறது. தீ ஒரு பக்கம்தான் எரியும். திருப்பாவிட்டால் பாதி கருகும், பாதி வேகாது. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கைக்குப் பழகிவிட்டது.

உலகத்தில் இன்னொரு ஓட்டை அடுப்பு இருக்கக் கூடாதா என்ன? இருக்கலாம். அப்படித்தான் முதலில் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் சந்தேகம் ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் சும்மா உட்காராதே. வீட்டில் நடப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அவள் செருப்பைப் பற்றி அக்காவிடம் புலம்பிய அடுத்த வாரமே மாமனாரின் செருப்பு சுவரோரம் ஒதுங்கியிருந்தது. செய்தித்தாளைப் பற்றிச் சொன்ன பிறகு அது மடித்து வைக்கப்பட்டிருந்தது. அப்போது ஏதோ புத்தி வந்துவிட்டது என்று நினைத்தாள். முட்டை சீக்கிரம் தீர்ந்துபோகிறது. வெங்காயக் கூடை இளைக்கிறது. கழுவி வலதுபுறம் கவிழ்த்த சட்டி சாயங்காலம் இடதுபுறம் இருக்கிறது. கரண்டி அக்காவின் படங்களைத் தேடிப் பார்த்தாள். எல்லாமே வெள்ளைத் தட்டு, போனை மிகக் கிட்டத்தில் வைத்து எடுத்தது. சுவரில் ஓர் ஆணிகூடத் தெரியாது. இவ்வளவு ஜாக்கிரதையாக யார் படம் எடுப்பார்கள்?

வேறு யார், நாத்தனார்தான்.

நாத்தனார் இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருந்தாள். வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் உண்டு. அப்பாவைப் பார்க்கிறேன் என்று எப்போது வேண்டுமானாலும் வருவாள். ஞாயிற்றுக்கிழமை அந்த அடுப்பில் அவளும் சமைப்பாள். நாக்கும் கத்திரிக்கோலும் ஒன்றுபோல் வெட்டும். கரண்டி என்ற பேரில் புகுந்து தம்பி பெண்டாட்டியின் வாயைக் கிளறி, கேட்டதையெல்லாம் அப்பன் காதில் போட்டு வருகிறாள் என்று கடுகு முடிவே கட்டிவிட்டாள்.

இதோடு போயிருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும். ஆனால் கரண்டியிடம் அவள் இன்னொன்றையும் சொல்லித் தொலைத்திருந்தாள். கூடத்து முதலாளி வேறொரு ஊரில் புதிதாகக் கூடம் திறக்கிறார். அதை நடத்த அவளைத்தான் கூப்பிட்டார். போன வருஷமே கூப்பிட்டார். அப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மாமனார் இந்த வீட்டை விட்டு எங்கும் வர மாட்டேன் என்பவர். அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகக் கணவனுக்கு மனசில்லை. முதலாளி இந்த வருஷம் மறுபடி கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும், இனி கேட்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். கடுகு சரி என்று சொல்வதாக மனசுக்குள் தீர்மானித்துவிட்டாள். கணவனிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் கரண்டி அக்கா.

அக்கா என்ன பதில் போட்டாள் தெரியுமா? "தாராளமாப் போங்க. பெரியவர் சமாளிச்சுக்குவார்." அன்றைக்கு அதைப் படித்துக் கண் கலங்கியவள், இன்றைக்கு மறுபடி படித்துப் பல்லைக் கடித்தாள். இவளைத் துரத்திவிட்டு வீட்டை அமுக்கிக்கொள்ளத் திட்டம். இல்லையென்றால், நாத்தனார் முந்திக்கொண்டு தம்பியிடம் போய், உன் பெண்டாட்டி உனக்குத் தெரியாமல் ஊரை விட்டுப் போகப் பார்க்கிறாள் என்று வத்தி வைக்கப்போகிறாள். எது நடந்தாலும் குடி முழுகிப்போகும்.

வெள்ளிக்கிழமை மதியம் தலைவலி என்று சொல்லிவிட்டு நேரே தையல் கடைக்குப் போனாள். நாத்தனார் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். கடுகு சுற்றி வளைத்து, குழுவில் ஒருத்தி பாத்திரத்தைத் திருப்பச் சொல்லி எழுதியிருக்கிறாள், நம் வீட்டில் செய்கிற மாதிரியே இருக்கிறது என்று இழுத்தாள். சொல்லிவிட்டு முகத்தையே உற்றுப் பார்த்தாள். ஒரு நரம்பு துடித்தாலும் பிடித்துவிடலாம் என்று.

நாத்தனாருக்கு எதுவும் துடிக்கவில்லை. கோபம்தான் வந்தது.

"அதை ஒரு சமையல்னு வேற எழுதுறாங்களா? அந்த அடுப்ப மாத்துன்னு உனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன். எங்க வீட்டுல நான் பாத்திரத்தைத் தொடக்கூட மாட்டேன், அது பாட்டுக்கு வேகும். வேற அடுப்பையே பார்க்காத ஆளுதான் அப்படி எழுதும்."

சொல்லிவிட்டு மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். கடுகு அங்கேயே நின்றாள். இவ்வளவு சின்ன விஷயம் எப்படித் தன் மண்டையில் ஏறாமல் போயிற்று? நாத்தனாருக்குச் சொந்த அடுப்பு இருக்கிறது. திருப்புவது அடுப்பின் கோளாறு என்று அவளுக்குத் தெரியும். அது சமையலில் ஒரு முறை என்று நம்புகிற ஆள், பிறந்ததிலிருந்து அந்த ஓர் அடுப்பைத் தவிர வேறெதிலும் சமைக்காத ஆளாக இருக்க வேண்டும். கணவனா? அவனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. தவிர, அவன் இந்நேரம் கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டிருப்பான்.

வீட்டு மாடிப்படி ஏறும்போதே வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் திருடி மாதிரி நுழைந்தாள்.

சமையலறையில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, மூக்கு நுனியில் கண்ணாடி, மேடையில் போன். அது அவள் புதுப் போன் வாங்கியபோது அவருக்குக் கொடுத்த பழைய போன். அவர் குனிந்து திரையைப் படித்தார். துண்டால் பாத்திரத்தின் இரு காதையும் பிடித்தார். மெதுவாக, ஏதோ பச்சைக் குழந்தையைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல, அரைவட்டம் திருப்பி வைத்தார்.

கடுகுக்கு முதலில் வந்தது கோபம். அப்புறம் வந்த வெட்கம் அதை அப்படியே விழுங்கிவிட்டது. சிலை, கல்லு, வாயில்லாதது என்று தான் எழுதியதெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் போயிருக்கிறது. ஓடிவிடலாமா என்று பார்த்தாள். அதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

கடுகு கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தாள்.

"இந்த அடுப்புல ஒரு பக்கம்தான் மாமா எரியும். மத்தவங்க வீட்டுல அப்படி இல்ல" என்றாள்.

அவர் குனிந்து தீயைப் பார்த்தார். "அப்படியா? எல்லா அடுப்பும் இப்படித்தான்னு நெனச்சேன்" என்றார்.

பிறகு அவராகவே பேசினார். அவர் அவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. பழைய போனில் அந்தக் குழுவுக்கான அழைப்பு கிடந்ததாம். உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். எல்லோரும் அக்கா அக்கா என்று கூப்பிட்டார்கள். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் அக்காவாகவே இருந்துவிட்டார். கடுகு யாரென்று முதலில் தெரியாதாம். தன்னைத் திட்டியபோதுதான் பிடிபட்டதாம். செருப்பு, செய்தித்தாள் எல்லாம் அப்படித்தான் சரியாயிற்று. தட்டில் பாதியை ஏன் வைத்தார் என்பதற்கும் பதில் இருந்தது. மத்தியானம் செய்து பார்த்ததைக் கொட்ட மனசில்லாமல் ஒரு சட்டி தின்றுவிட்டு, ராத்திரி எங்கே இறங்கும்? அப்படித் தின்றதில் பாதி அவள் எழுதிப் போட்ட சமையல்தான்.

"நீங்க எதுக்கு மாமா இதெல்லாம்? கேட்டா நான் செஞ்சு தர மாட்டேனா?"

அவர் கரண்டியால் கிளறிக்கொண்டே சொன்னார். "போன வருஷம் உங்க முதலாளி கேட்டப்போ, அப்பாவுக்கு யாரு சோறு போடறதுன்னு இவன் கேட்டான். நீயும் சரி வேண்டாம்னுட்ட. நானும் அங்கதான் உட்கார்ந்திருந்தேன். பேசாத ஆளுன்னா காதும் கேக்காதுன்னு நெனச்சுட்டீங்க."

இத்தனை மாதமாக இந்த மனுஷன் பகலெல்லாம் நின்று வெங்காயம் நறுக்கியது வாய் ருசிக்காக இல்லை. அவளை அனுப்பி வைப்பதற்காக. அவளோ யாரோ தன்னைத் துரத்தப் பார்க்கிறார்கள் என்றும் வேவு பார்க்கிறார்கள் என்றும் ஊரெல்லாம் ஆள் தேடியிருக்கிறாள்.

அவர் ஒரு வெள்ளைத் தட்டை எடுத்தார். சோறு வைத்து, குழம்பை ஊற்றி, இன்றைக்குப் படம் எடுக்காமல் அவள் முன்னால் நீட்டினார்.

"குழுவுல எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. ஒருத்தரும் வாயில வெச்சுப் பார்த்ததில்ல. நீ சொல்லு. உன் புருஷன்கிட்ட நானே பேசிக்கிறேன். இது நல்லா இருந்தா அவன் மறு பேச்சுப் பேச மாட்டான்."

கடுகு உட்கார்ந்து பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கிழங்கு குழையாமல் வெந்திருந்தது. பட்டாணி மெத்தென்று இருந்தது. காரமும் புளிப்பும் கச்சிதம். தான் வைக்கும் குழம்பைவிட நன்றாக இருக்கிறது என்று நாக்கு சொல்வதை அவளால் மறுக்க முடியவில்லை. இத்தனை நாள் எந்தத் தடை விலக வேண்டும் என்று தவித்தாளோ அது விலகிவிட்டது. போய்விடலாம். இந்தச் சமையலறையில் இவர் இப்படியே, தோளில் துண்டோடு, ஒருவருக்கு மட்டும் உலை வைத்துக்கொண்டு நிற்பார். பிசைந்த அடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"உப்புக் கொஞ்சம் பத்தல மாமா" என்றாள் தட்டைப் பார்த்துக்கொண்டே. "இன்னும் கொஞ்ச நாள் பழகணும்."

அவர் அவள் தட்டிலிருந்தே ஒரு துண்டு கிழங்கை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"உப்பு சரியாத்தான் இருக்கு" என்றார். "சாப்பிட்டு முடிச்சுட்டு முதலாளிக்குப் போன் போடு."