அடகுக் கடை மஞ்சள்

என் புருஷன் நெடுஞ்செழியன் காஷ்மீர் எல்லையில் காவல் இருந்தபடியே, ஆரணியில் எங்கள் வீட்டு உப்பு டப்பாவுக்கும் காவல் இருந்தார். சம்பளம் அவர் கணக்கில், கார்டு அவர் பையில். நான் கடைக்குப் போனால் பில்லையும், கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடையும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். அங்கிருந்து அவர் ஸ்கேன் செய்து பணம் போடுவார். போடுவதற்கு முன்னால் போன் வரும்.

"போன வாரந்தான துவரம்பருப்பு வாங்கின? தின்னுகினே இருப்பீங்களாடி?"

மளிகைக்கடை தணிகாசலம் அண்ணன் காதில் விழாத மாதிரி பொட்டலம் மடிப்பார். தெருவில் எனக்குப் பெயரே போட்டோக்காரி. சிரித்துச் சமாளிப்பேன். 

மே மாதம் எல்லையில் சண்டை மூண்டது. போன்களையெல்லாம் யூனிட்டில் வாங்கி வைக்கிறார்கள் என்று ஒரு செய்தி அனுப்பினார், அதோடு சரி. டிவியில் குண்டு விழ விழ எனக்குக் கை கால் ஓடவில்லை. கோயிலில் விளக்குப் போட்டேன். தெருப் பையன்கள் அவர் படம் போட்டு 'வீரத்திருமகன்' என்று பெரிய பேனர் கட்டினார்கள். அந்த வீரத்திருமகனின் பெண்டாட்டி பால் பாக்கெட்டுக்குக் காசில்லாமல் பேனருக்குக் கீழேயே நின்றாள். தணிகாசலம் அண்ணன்தான் கடனுக்குக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து இனியாவுக்குக் காய்ச்சல். நாலு வயசுப் பிள்ளை, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டெங்கு என்றார் டாக்டர். "இப்பவே சேர்க்கணும்மா. வேலூர் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் குழந்தை தாங்காது." முன்பணம் பதினைந்தாயிரம் கட்டச் சொன்னார்கள்.

பிள்ளையை நர்ஸிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் நகையெல்லாம் பீரோவில்தான் இருந்தது. சாவி மாமியார் இடுப்பில்.

"அத்தை, ஒரே ஒரு செயின் குடுங்க. ஆஸ்பத்திரியில கட்டணும்."

"அவன் சொல்லாம பீரோவத் தொறக்க மாட்டேன். எம்புள்ள அங்க உயிரக் கையில புடிச்சிகினு நிக்கறான், உனக்கு நகை கேக்குதா?"

"உங்க பேத்தி அத்தை."

"போன் வரட்டும். கேட்டுட்டுக் குடுக்கறேன்."

அதற்கு மேல் அவளிடம் பேசி என்ன ஆகப்போகிறது? தறிக்காரர்கள் தெரு நீளத்துக்குப் பட்டு நூல் பாவு விரித்திருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடினேன். என்னிடம் மிச்சமிருந்த தங்கம் தாலி ஒன்றுதான்.

"வீட்டுக்காரர் பார்டர்ல இருக்கறப்போ தாலியாம்மா?" என்று கடைக்காரர் தயங்கினார்.

"குழந்தை சாவக் கெடக்குதுங்க" என்றேன்.

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்துக் கொடுத்தார். என்னைப் போல வருகிறவர்களுக்காக ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறார். தாலிக் கயிற்றில் நான் அதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் தாலியை எடை போட்டார்.

இனியா பிழைத்துவிட்டாள். வீட்டுக்குத் தூக்கி வந்த அன்று மாமியார் பேத்தியைப் பார்க்கவில்லை, என் கழுத்தைத்தான் பார்த்தாள். மாரில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

"ஐயோ, எம்புள்ளைக்கு எமனா வந்திருக்காளே! புருஷன் உயிரோட இருக்கசொல்லவே தாலிய வித்துட்டு வந்திருக்கா!"

விற்கவில்லை, அடகுதான் என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. பேனர் கட்டின பையன்கள் அதற்கப்புறம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சண்டை நின்றது. நெடுஞ்செழியனிடமிருந்து போன் வந்தது. முதலில் அம்மாவிடம் பேசினார். குழந்தைக்கு வந்த காய்ச்சல், ஆஸ்பத்திரி, என் கழுத்து, எல்லாவற்றையும் அவள் ஒப்பித்துவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள். குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மனுஷன் உயிரோடு இருக்கிறாரே என்ற சந்தோஷம்தான். இனியா நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தாலியக் கழட்டி வெச்சிட்டியாமே. நான் செத்துப் போவணும்னுதானடி?"

பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை எனக்கு அப்படி ஒரு நினைப்பு வந்ததே இல்லை.